எங்கே எழுதி வைப்பது?

மூன்றாம் ஆண்டின் முதல் பருவம் தொடங்கியபோது என் கணினியின் முகப்பில் நாற்பத்தாறு கோப்புகள் கிடந்தன. 'புதியது', 'புதியது 2', 'இடுபணி', 'இடுபணி கடைசி', 'இடுபணி கடைசியிலும் கடைசி' என்று அவற்றுக்குப் பெயர். கைப்பேசியில் வேறு குறிப்புகள். புலனத்தில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட செய்திகள் வேறு. எந்த விரிவுரைஞர் எந்த வாரம் எதைக் கேட்டார் என்று தேடுவதற்கே பாதி நாள் போய்விடும். தஞ்சோங் மாலிமில் படிக்கும் நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம் என்பதை நான் அறிவேன். ஆகவே இந்தக் கட்டுரை எனக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கணினியில் குறிப்பெடுக்க எந்தச் செயலி நல்லது என்று நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நானும் கேட்டேன். ஓராண்டுக் காலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினேன். அந்த அலைச்சலில் சில இடுபணிகளுக்கு மதிப்பெண் குறைந்தது. அது போகட்டும். ஒரு சொல்லையும் இழந்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே எல்லாப் பாடங்களும் மலாய்மொழியில். தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு நடக்கும். ஏழு பேர்தான் இருந்தோம். படிவம் ஐந்தில் இருந்த 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. கைப்பேசியே கரும்பலகையாகிப்போன அந்த மாதங்களில் குறிப்பு எல்லாவற்றையும் மலாயில்தான் எழுதினேன். அந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்திலும் என்னை விடவில்லை. விரிவுரைஞர் தொல்காப்பியத்தைத் தமிழில் விளக்குவார். என் கை மலாயில் எழுதும். இல்லாவிட்டால் தமிழையே ஆங்கில எழுத்துகளில் தட்டும். தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகப் போகிறவளுடைய குறிப்பேட்டில் தமிழெழுத்து இல்லை! யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரையைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்துக்கு, மூத்த தலைமுறையினரின் பேச்சில் உள்ள சொற்களைத் தொகுத்து வரச் சொன்னார்கள். எனக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. என் பாட்டி சிலிம் ரீவர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. லயங்களும் இல்லை. பாட்டி இப்போது மாமா வீட்டில் இருக்கிறார். வார இறுதியில் மாமா மோட்டாரில் வந்து என்னை அழைத்துப் போவார். பசியாறியதும் பாட்டி பேசத் தொடங்குவார்.

பெரட்டு என்றால் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் இடம். பெயர்களைப் பதியும் பேரேடு செக்ரோல். மரத்தில் பால் வடியும் கிண்ணம் மங்கு. மலாய் 'மங்குக்' என்பதிலிருந்து வந்தது. தோளில் இரண்டு வாளிகளைச் சுமக்கும் கம்பு காண்டா. கிராணி, தண்டல், ஆயாக் கொட்டகை என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் கைப்பேசியில் இருந்த ஒரு குறிப்புச் செயலியில் எழுதினேன். அந்தச் செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிழையில் பாதி என்னுடையது.

நடந்தது இதுதான். மாமா வீட்டில் இணைய இணைப்பு சரியாகக் கிடைக்காது. இரண்டு வாரங்கள் எழுதியவை கைப்பேசியிலேயே தங்கியிருந்தன. அதே குறிப்பு தஞ்சோங் மாலிமில் என் கணினியிலும் திறந்து கிடந்தது. அதில் நான் வேறு ஏதோ திருத்தியிருந்தேன். இணைப்புக் கிடைத்ததும் இரண்டு பிரதிகளும் மோதின. கணினிப் பிரதி வென்றது. கைப்பேசியில் இருந்த முப்பத்தேழு சொற்கள் போய்விட்டன. பழைய பிரதியை மீட்கும் வழி கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றிருந்தது. கட்டணம் செலுத்திப் பார்த்தேன். கைப்பேசியில் இருந்தது மேலே போய்ச் சேரவே இல்லை என்பதால் மீட்க ஒன்றும் இல்லை.

மறுபடி பாட்டியிடம் போனேன். அதற்கிடையில் அவருக்குச் சிறிய பக்கவாதம் வந்து போயிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் சில சொற்கள் திரும்பவில்லை. நான் நினைவுபடுத்த, நினைவுபடுத்த, முப்பத்தாறு சொற்களைச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் வரவில்லை.

பால்மரத்தை ஈரப் பட்டையோடு வெட்டினால் பால் கோட்டின் வழியே மங்குக்கு வராது; பட்டையில் பரவி வழிந்துவிடும். ஆகவே விடியற்காலையில் மழை பெய்தால், நின்ற பிறகும் பட்டை காயும் வரை காத்திருப்பார்கள். வெயில் ஏற ஏறப் பால் சுரப்பும் குறையும். காத்திருந்தாலும் நட்டம், வெட்டினாலும் நட்டம். அந்தக் காத்திருக்கும் நேரத்துக்கு அவர்கள் தோட்டத்தில் ஒரு சொல் இருந்தது. பாட்டி சொன்னார், நான் எழுதினேன். எழுதி வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அதை மனத்தில் வைக்கவில்லை. பொருள் மட்டும் நினைவில் நின்றது.

"அது போச்சு ஆயி. நாக்கு வரைக்கும் வருது, அப்புறம் போயிருது" என்றார் பாட்டி. பிறகு, "நீதான் எழுதினியே?" என்றும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்துதான் எந்தச் செயலி அழகாக இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எழுதியது எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில் என் மடிக்கணினியின் திரை உடைந்தது. பழுது பார்க்கும் செலவைக் கேட்டு மாமா பெருமூச்சு விட்டார். தம் பிள்ளைகள் பயன்படுத்தி ஒதுக்கிய மேசைக்கணினியைத் துடைத்து, காரில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாடகை வீட்டில் வைத்தார். நான்கு கிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள கிழட்டுக் கணினி. அதன் பெட்டிக்குள் ஒரு குறுந்தட்டும் கிடந்தது.

"இது என்ன மாமா?"

"தோட்டம் மூடறதுக்கு முன்னாடி கோயில் கமிட்டிக்காக எழுதினது. எந்த லயத்தில எந்தக் குடும்பம் இருந்துச்சுன்னு எல்லாம் இருக்கும். நான்தான் செயலாளர். தெறந்து பாரு."

திறந்து பார்த்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. மாமா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பல இரவுகள் விழித்திருந்து தட்டச்சு செய்தது. அச்சிட்ட பிரதியும் இப்போது யாரிடமும் இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த துன்பமல்ல. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் எல்லாருக்கும் வந்தது. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டின. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது உருவாக்கியவருக்கு உருவாக்கியவர் மாறியது. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் குப்பைதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்கள் வந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. உலக எழுத்துகளுக்கெல்லாம் நிலையான எண் தரும் ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் விண்டோஸ் கணினிகளில் அது புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. இந்தப் பயணத்தில் மலேசியருக்குப் பெரும்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2005-இல் செல்லினத்தின் வழி கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டு சென்றார். இன்று நாம் புலனத்தில் தமிழில் அரட்டை அடிக்கும்போது அந்த உழைப்பை நினைப்பதே இல்லை.

எங்கள் துறையில் மூத்த மாணவி ஒருவர், அக்கா என்றுதான் அழைப்போம், அந்தக் கோப்பை வாங்கிப் பார்த்தார். பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். நான்காவது முயற்சியில் திரையில் 'முதல் லயம்' என்ற சொற்கள் தோன்றின. மாமாவுக்கு உடனே அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஆனாலும் எல்லாம் சரியாக வரவில்லை. சில பெயர்களில் எழுத்துகள் விட்டுப் போயிருந்தன. ஒரு குடும்பத்தலைவரின் பெயரில் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் மட்டுமே மிச்சம். பாட்டியிடம் கேட்டேன். "எத்தனாவது லயம்? எந்தப் பக்கத்திலேர்ந்து எத்தனாவது வீடு?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையில் நடந்து போனவர் போல வீடு வீடாகச் சொல்லி, அந்த வீட்டு வாசலில் வந்து பெயரைச் சொன்னார். இவருக்கா நினைவு போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மாமாவின் கோப்பையும் என் குறிப்பையும் ஒன்றாக்கி 'கொட்டகை' என்று தேடினேன். என் குறிப்பில் இருந்தது மட்டும் கிடைத்தது. மாமா எழுதியது கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படவில்லை. காரணம் இதுதான். 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் அந்த விதியைக் கவனிக்காத செயலி இரண்டையும் வேறு வேறு சொல்லாகவே எண்ணும். மாற்றுக்கருவி இரண்டாம் முறையைக் கையாண்டிருந்தது. தேடி மாற்றும் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேடல் சரியானது. பழைய கோப்புகளை வைத்து ஆய்வு செய்யும் நண்பர்கள் இதை மறக்க வேண்டாம்.

இப்படி நான் தட்டுத்தடுமாறிக் கொண்டிருந்தபோது எங்கள் விரிவுரைஞர் ஒருவரிடம், "எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் ஐயா?" என்று கேட்டேன். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். "இணையம் இல்லாதபோது திறக்குமா? நிறுவனமே மூடிக்கொண்டாலும் உன் எழுத்து உன்னிடம் இருக்குமா? தமிழில் தேடினால் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்."

இரண்டாவது கேள்வி மிகையாகத் தோன்றலாம். அப்படியல்ல. கூகுள் நோட்புக் 2012-இல் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேட் 2014-இல் போனது. பணிப்பட்டியலுக்குப் பேர்போன வுண்டர்லிஸ்ட் 2020 மே மாதத்தோடு நின்றது. அதன் இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் டூடூ வந்தது. 2008-இல் வந்து உலகெங்கும் பரவிய எவர்நோட்டின் இலவசக் கணக்கு 2023-இன் இறுதியில் ஐம்பது குறிப்புகளுக்கும் ஒரே குறிப்பேட்டுக்கும் சுருங்கியது. நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தொழில் அது. நம் எழுத்தை நாம்தான் காக்க வேண்டும்.

மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்நோட் 2003 முதல் இருக்கும் செயலி. உண்மையான குறிப்பேட்டைப் போலவே பக்கத்தின் எந்த மூலையிலும் எழுதலாம், படம் ஒட்டலாம், விரிவுரையின் ஒலியையும் பதியலாம். விரிவுரைப் படவில்லைகளை வைத்துக் குறிப்பெடுப்போருக்கு இது நன்று. ஆனால் அதன் கோப்புகளை வேறு செயலியில் அப்படியே திறக்க இயலாது.

நோஷன் அட்டவணைகளுக்குப் பேர்போனது. இடுபணி, நாள், பாடம், நிலை என்று பத்தி பிரித்து அழகாக அடுக்கலாம். குழுப்பணிக்கு மிகவும் உதவும். என் வீட்டுத்தோழி அதில் மூன்று நாள் உட்கார்ந்து நிறமும் படமும் சேர்த்து ஒரு முகப்புப் பக்கம் செய்தாள். பார்க்க அவ்வளவு அழகு! அந்த மூன்று நாளில் முடிக்க வேண்டிய இடுபணி மட்டும் முடியவில்லை. எழுதுவதெல்லாம் அவர்களுடைய வழங்கியில்தான் இருக்கும். வேண்டும்போது நாம்தான் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜோப்லின் இலவசமானது, திறந்த மூலத்தில் அமைந்தது. 2020-இல் வந்த ஒப்சிடியன் எழுதுவதையெல்லாம் நம் கணினியிலுள்ள ஒரு கோப்புறையில் சாதாரண உரைக்கோப்புகளாகவே வைக்கிறது. செயலியையே நீக்கிவிட்டாலும் அந்தக் கோப்புகளை நோட்பேடில் திறக்கலாம். ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு இணைப்பும் கொடுக்கலாம். 'மங்கு' என்ற குறிப்பிலிருந்து 'காண்டா'வுக்கும் அதிலிருந்து 'பெரட்டு'க்கும் போய்வரலாம்.

என் கிழட்டுக் கணினிக்கு இன்னொரு சோதனையும் தேவைப்பட்டது. இக்காலச் செயலிகளில் பல ஓர் இணைய உலாவியையே வயிற்றுக்குள் சுமந்துகொண்டு வருகின்றன. அப்படிப்பட்ட இரண்டையும் உலாவியையும் ஒருங்கே திறந்தால் நான்கு கிகாபைட் நினைவகம் மூச்சு வாங்கும். ஆகவே ஒரே ஒரு செயலி என்று முடிவெடுத்தேன், ஒப்சிடியன். பணிப்பட்டியலுக்குத் தனிச் செயலி வேண்டாம் என்று அதே கோப்புறையில் 'இந்த வாரம்' என்று ஒரு கோப்பு வைத்தேன். 'கடைசியிலும் கடைசி' ஒழிந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் இப்போது நாளில் தொடங்குகிறது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அக்காவின் உதவியால் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன். பயந்துகொண்டேதான் செய்தேன். மாறிய பிறகு அந்தக் கோப்புறையைத் திறந்தேன். பாட்டியின் சொல் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருந்தது. ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு அன்றுதான் எனக்கு முழு விடை கிடைத்தது.

தமிழில் தேடுவது, அடுக்குவது பற்றியும் ஒரு சொல். நம் மொழியில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசி மாறிவிடும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. 'மர' என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். 'பால்' என்று புள்ளியோடு தேடுவதைவிடப் 'பால' என்று தேடினால் பெரும்பாலான செயலிகளில் 'பாலை', 'பாலில்' எல்லாம் வரும். அகரவரிசையிலும் கவனம் தேவை. ஒருங்குறியின் எண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் 'கனம்' முதலிலும் 'கப்பல்' பிறகும் வரும். சொற்பட்டியலை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டினால் விரிவுரைஞரின் சிவப்பு மை நிச்சயம்!

இத்தனை செய்தும் ஒரு குறை இருந்தது. வகுப்பில் நான் இன்னும் மலாயில்தான் குறிப்பெடுத்தேன். செயலியை மாற்றினால் கை மாறிவிடுமா? ஆங்கில ஒலிப்பை வைத்துத் தட்டுவதால்தான் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலமாக்கி மீண்டும் தமிழாக்குகிறோம் என்று அக்கா சொன்னார். தமிழ்99 பழகச் சொன்னார். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்திருக்கின்றன. ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும். முதல் இரு வாரங்கள் அழுகையே வந்தது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று பாட்டியின் சொற்களையே பயிற்சியாகத் தட்டினேன். இரண்டு மாதத்தில் விரிவுரையின் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்க முடிந்தது. இப்போது நான் திரையைத் திருப்பி வைப்பதில்லை.

கணினியைவிடக் கையால் குறிப்பெடுப்பதே மேல் என்று சொல்வோரும் உண்டு. 2014-இல் அமெரிக்க உளவியலாளர்கள் முல்லரும் ஒப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் சொன்னது. தட்டச்சு செய்வோர் கேட்டதையெல்லாம் சொல்லுக்குச் சொல் இறக்கிவிடுகிறார்கள், எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் கருத்து. பின்னர் அதே ஆய்வைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவு தெளிவாகக் கிட்டவில்லை. என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பாட்டியின் முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த நாள்களில் அவர் என்னிடம் பேசவில்லை. அந்தப் பெட்டியிடம் பேசினார். "நாங்கள் காலையில் எழுந்து வேலைக்குச் செல்வோம்" என்று வானொலிச் செய்தியைப் போல வரும். ஒரு நாள் நான் மளிகைக் கடையிலிருந்து ஒரு '555' புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். நம் நாட்டில் அதைத் தெரியாதவர் யார்? உள்ளங்கையளவு சின்னப் புத்தகம். கடன் கணக்கு எழுத அதைத்தான் வைத்திருப்பார்கள். அதைக் கண்டதும் பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாடி இது, எங்கிட்ட கடனா வாங்கப் போற?"

"ஆமா பாட்டி, சொல்லு கடன்."

"கடைக்காரன் எழுதின மாதிரி ஒண்ணுக்கு ரெண்டா எழுதிப்புடாத" என்றார். அன்று மாலை வரை பேசினார். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்தப் புத்தகத்தில் ஏறிய கணக்கு, சம்பள நாளில் அதை அடைத்தது, அடைக்க முடியாத மாதம் அம்மாவின் பள்ளிக் காலணி தள்ளிப் போனது என்று எல்லாம் வந்தது. அவற்றுள் பாதி எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆகவே என் முறை இப்போது இதுதான். கேட்கும்போது 555. அன்றிரவே மேசைக்கணினியில் தமிழ்99 கொண்டு உரைக்கோப்பு. கோப்புறைக்கு மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று விரலியில், ஒன்று இணைய மேகத்தில். விரலி மாமா வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் ஏட்டில்கூட இல்லாத சுரைக்காய்க்கு விதையும் இல்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாம் படிக்கும் இவ்வூர் எழுத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இங்கே தொடங்கப்பட்டது; 1997-இல் அது பல்கலைக்கழகமானது. 1924-இல் மலாய்ப் பள்ளிகளுக்கான நூல்களை எழுதவும் மொழிபெயர்க்கவும் இங்கே அலுவலகம் அமைந்தது. சாஅபா அங்கே பணியாற்றினார். தம் மொழியை எழுத்தில் நிறுத்துவதற்கு அவர்கள் உழைத்த ஊரில் இருந்துகொண்டு, நம் பாட்டிமாரின் சொற்களை நாம் தவறவிடலாமா?

நண்பர்களே, என் கோப்புறையில் இன்று நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றோடு இன்னொரு கோப்பும் இருக்கிறது. அதில் பொருள் இருக்கிறது, சொல் இல்லை. விடியற்காலை மழை நின்ற பிறகு பட்டை காயும் வரை காத்திருக்கும் நேரம் என்று எழுதி, தலைப்பைக் காலியாக விட்டிருக்கிறேன். போகும்போதெல்லாம் பாட்டியிடம் கேட்பதை இப்போது நிறுத்திவிட்டேன். கேட்டால் அவர் முகம் வாடுகிறது.

உங்கள் வீட்டில் பால்மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த விடுமுறையில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் தோட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்துச் சொல்லாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்ட மாத்திரத்தில், "அதேதான் ஆயி" என்று அவர் சொன்னாலும் சொல்லலாம்.

அதற்கு முன் ஒன்று. கேட்டதும் உடனே எழுதி வைத்துவிடுங்கள். எதில் எழுதினாலும் சரி, அது எங்கே போய் உட்காருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.